மூன்று விரல் குட்டை

புரொபசருக்கு அந்தப் பட்டத்தை எந்தக் கல்லூரியும் கொடுக்கவில்லை. லாரி ஸ்டாண்டில் சேர்ந்து கொடுத்தார்கள். எவர் வண்டி எங்கே நின்றாலும் கூப்பிடாமலே போய் எட்டிப் பார்த்து, "இது இன்ஜெக்டர் கோளாறு" என்று தீர்ப்பு சொல்லுவார். அது வெறும் டீசல் தீர்ந்த கேஸ் என்று தெரிந்த பிறகும் முகம் வாடாமல் நிற்பார். அப்படி நிற்பது எல்லாருக்கும் கைவராது. பதினாறு வருஷம் அடுத்தவர் லாரியை ஓட்டினார். அந்தப் பதினாறு வருஷமும் முதலாளிகளில் ஒருவருக்குக்கூட வண்டி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்பதே அவருடைய புகார். தனக்கென்று ஒரு வண்டி வரட்டும், அப்புறம் உலகத்துக்குக் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உலகமும், பாவம், வேறு வேலை இல்லாமல் காத்திருந்தது.

வண்டி வந்தது. அக்கா வீட்டுக்காரருடைய வண்டிதான். புரொபசர் அவரை 'மாமா' என்று கூப்பிடுவார். நாமும் அப்படியே கூப்பிடலாம். மாமா அந்த லாரியைப் பதினோரு வருஷம் வாங்கினது போலவே வைத்திருந்தார். முதுகு ஒத்துழைக்காததால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மச்சினனுக்கே கொடுத்தார்.

மாமா அதிகம் பேசமாட்டார். ஆனால் ஸ்டாண்டில் யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் அவரை உடன் அழைத்துக்கொண்டு போவார்கள். இன்ஜினை ஓடவிடச் சொல்வார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தைக் கேட்டபடி ஒரு டீ ஆறுகிற நேரம் நிற்பார். பிறகு "எடுக்கலாம்" என்பார், இல்லாவிட்டால் "வேண்டாம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் யாரும் மறுபேச்சு பேசியதில்லை. ஸ்டியரிங்கை விட்ட பிறகு அவருக்கு மிச்சமிருந்த வேலையும் மரியாதையும் அதுதான்.

புரொபசர் வண்டியைக் கையில் வாங்கிய முதல் நாளே சீர்திருத்தத்தில் இறங்கினார். சீட்டுக்கு உறை மாற்றினார். ஊரையே எழுப்பும் ஹாரன் ஒன்று பொருத்தினார். கண்ணாடி மேல் தன் பட்டப்பெயரை எழுத வைத்தார். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் பிடி எப்போதோ உடைந்து, மாமா அதற்குக் கம்பியை வளைத்துக் கட்டி வைத்திருந்தார். அந்தக் கட்டுக்கம்பி புரொபசர் கண்ணில் முள்ளாகக் குத்தியது. அதைத் தூக்கிக் கொல்லைப்புறம் எறிந்துவிட்டு, மஞ்சள் பிடி போட்ட புதுக் குச்சி ஒன்று வாங்கிச் செருகினார். ஒரு சாயங்காலத்துக்குள் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

மறுநாள் காலையில் முதல் சோதனை. ஆயில் பார்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது என்று புரொபசர் பதினாறு வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். வெள்ளைத் துணியால் குச்சியைத் துடைத்து, முழுதும் செருகி, உருவி, கண்மட்டத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒன்றும் விடாமல் செய்தார். குச்சி நுனி வரை காய்ந்து கிடந்தது.

"எண்ணெயே விடாம வண்டியக் குடுத்திருக்காரு உங்க அண்ணியோட வீட்டுக்காரரு" என்று மனைவியிடம் சொன்னார். சொந்த அக்கா சட்டென்று அண்ணியாகிவிட்டாள். பெரிய மனசு பண்ணி அதைப் பொறுத்துக்கொண்டு, குச்சியின் மேல் கோடு வரைக்கும் ஆயிலை ஊற்றினார்.

ஒரு வாரம் ஓடியது. மறுபடி குச்சியை உருவினால் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் விளக்கைப் போட்டுக் காட்ட ஆரம்பித்தார்கள். சைலன்சரிலிருந்து நீலப் புகை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்பது புரொபசருக்குத் தெரியும். அவர்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவர். வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்துப் பார்த்தார். ஒழுகவில்லை. அப்படியானால் குடிக்கிறது. மறுபடி ஊற்றினார். அது மறுபடி குடித்தது. ஆயில் கடைக்காரர் இவர் தலை தெரிந்ததும் எழுந்து நாற்காலி போடும் நிலைமை வந்துவிட்டது.

முதல் மெக்கானிக் டர்போவில் சந்தேகம் என்றார். புரொபசர் அதைத்தான் தானும் நினைத்ததாகச் சொன்னார். டர்போ மாறியது, புகை மாறவில்லை. இரண்டாவது மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு வால்வு சீல் போயிருக்கலாம் என்றார். டர்போ என்று சொன்னபோதே தனக்கு உள்ளுக்குள் வால்வு சீல்தான் ஓடியது என்று புரொபசர் சொன்னார். மேல்பாகத்தைக் கழற்றி எல்லா சீலையும் மாற்றினார்கள். வண்டி முன்னைக் காட்டிலும் உற்சாகமாகக் குடித்தது.

இதில் அதிசயம் என்னவென்றால், இத்தனை பேர் அந்த இன்ஜினைச் சுற்றி வந்தும் ஒருவரும் அந்த மஞ்சள் பிடியின் மேல் சந்தேகப்படவில்லை. பளபளவென்று இருக்கிற பொருள் பொய் சொல்லும் என்று யாருக்குத் தோன்றும்?

சீல் மாற்றிய நாலாம் நாள் புரொபசர் ஸ்டாண்டுக்குள் வண்டியைத் திருப்பினார். பின்னால் நீலமாக ஒரு மேகம் வந்தது. டீக்கடை பெஞ்சில் ஏழெட்டு டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாமா, கையில் டீ கிளாஸ். ஒரு டிரைவர் சும்மா இருக்கமாட்டாமல், "என்ன புரொபசரே, கொசுவுக்குப் புகை போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பைத் தவிர வேறெதையும் புரொபசர் தாங்கிக்கொள்வார்.

"எண்ணெய் குடிக்கிற வண்டின்னு தெரிஞ்சே என் தலையில கட்டிட்டாரு. ஊர் வண்டிக்கெல்லாம் நல்லது கெட்டது சொல்றவரு, சொந்த வண்டியப் பத்தி மச்சினன்கிட்ட வாயத் திறக்கல."

சிரிப்பு நின்றுபோனது. மாமா நிமிர்ந்து பார்த்தார். பாதி டீயோடு கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டே எழுந்து நடந்து போய்விட்டார். பதில் சொல்ல முடியாமல் போகிறார் என்று புரொபசர் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மாமா அதற்குப் பிறகு ஸ்டாண்டுப் பக்கமே வரவில்லை. அக்கா தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டு, அவன் மனைவிக்கு மட்டும் போன் செய்தாள். மனைவி கேட்டதை அப்படியே ஒப்பித்தாள்.

"அவரு காலையில எழுந்து சட்டை போட்டுக்கிறாராம். வாசல் வரைக்கும் வந்து நின்னுட்டு, திரும்பிப் போய்க் கழட்டி மாட்டிடுறாராம். வண்டி பாக்கக் கூப்பிட வந்தவங்களையும் 'வேற ஆளப் பாருங்க'ன்னு அனுப்பிடுறாராம். சாப்பாடும் சரியில்லையாம்."

"மனசாட்சி உறுத்தத்தான் செய்யும்" என்றார் புரொபசர்.

மனைவி பாத்திரம் கழுவப் போனாள். அவள் பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே முழுப் பதிலும் இருந்தது. அந்தச் சத்தம் புரொபசருக்குப் புரியும். புரியாத மாதிரி இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம்.

மூன்றாவது மெக்கானிக்கிடம் போவது என்று முடிவானபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. இனி இன்ஜினை அடியோடு பிரித்துப் பிஸ்டன் வளையங்களை மாற்றுவதுதான் வழி என்று புரொபசர் தானே கண்டுபிடித்திருந்தார். மெக்கானிக்கிடம் நோயைச் சொல்லாமல் நேராக மருந்தைச் சொன்னார்.

அந்த மெக்கானிக்கைத் தொட்டிக்காரர் என்பார்கள். பழைய டிரம் ஒன்றைக் குறுக்கே அறுத்துத் தொட்டியாக்கி வைத்திருந்தார். எந்த வண்டி வந்தாலும் பழைய ஆயில் அதில்தான் வடியும். இருபது வருஷத்தில் புரொபசருடைய வண்டி ரகத்து லாரிகள் எத்தனையோ அந்தத் தொட்டியில் வடிந்திருக்கின்றன. தொட்டியின் உட்பக்கம் வெல்டிங் போட்ட தழும்பு ஒரு வரிப்பாக ஓடும். இந்த ரக இன்ஜினின் ஆயில் அந்த வரிப்பைத் தொட்டு நின்றுவிடும். எண்ணெய் குடிக்கிற வண்டியென்றால் வரிப்புக்குக் கீழேயே நிற்கும். அவர் அதைத் தனியாகக் கவனிப்பதுகூட இல்லை. கண் பாட்டுக்குப் பார்த்துக்கொள்ளும்.

அடியில் படுத்து, வடிகால் மூடியைத் திருகி எடுத்தார். ஆயில் கொட்டியது. புரொபசர் பக்கத்தில் நின்று, இன்ஜின்களின் தேய்மானம் பற்றித் தொட்டிக்காரருடைய கால்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஆயில் வரிப்பைத் தொட்டது. தாண்டியது. நிற்கவில்லை. தொட்டி விளிம்பு வரை வந்து, தரையில் வழிந்து, புரொபசரின் செருப்பை நனைத்தபோது விளக்கவுரை தானாக நின்றது.

தொட்டிக்காரர் வெளியே வந்தார். ஒரு வாளியை எடுத்துக் கொடுத்தார். அதுவும் முக்கால் நிறைந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒன்றையும் பிரிக்காமல், மூடியைத் திரும்ப மாட்டினார். அந்த இன்ஜினுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஆயிலைக் கேனில் அளந்து ஊற்றினார். சற்று நேரம் விட்டு, புரொபசரையே குச்சியை உருவிப் பார்க்கச் சொன்னார்.

மஞ்சள் பிடி போட்ட குச்சி நுனி வரை காய்ந்து வந்தது.

"இந்தக் குச்சிய நம்பினா இந்த இன்ஜின்ல ஆயிலே இல்ல. இது எந்த வண்டியோடது?"

இந்த வண்டியோடதுதான் என்று புரொபசர் சொன்னார். சொல்லும்போதே அவருக்குக் கடை ஞாபகம் வந்தது. எந்த மாடல் என்று கடைக்காரர் இரண்டு தரம் கேட்டார். குச்சியில் என்னய்யா மாடல், எல்லாம் ஒன்றுதான், அந்த மஞ்சள் பிடியை எடு என்று இவர்தான் சொன்னார். கடைக்காரர் மூன்றாம் தரமும் கேட்க வாயெடுத்தார். இவர் அவருக்கு ஒரு பாடம் நடத்தி உட்கார வைத்தார்.

தொட்டிக்காரர் விளக்கம் சுருக்கமாக இருந்தது. குட்டைக் குச்சி எட்டுகிற வரைக்கும் ஊற்றினால் ஆயில் அளவுக்கு மேல் ஏறிவிடும். உள்ளே சுற்றுகிற தண்டு அதை அடித்து நுரையாக்கும். நுரை இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியே போய்ப் புகையாக எரியும். அதிகப்படியானது எரிந்து இன்ஜினுக்கு வேண்டிய அளவுக்கு இறங்கி வருகிற நேரம் பார்த்து, மறுபடி ஒருவர் வெள்ளைத் துணியோடு வந்து ஊற்றுவார்.

"வண்டி குடிக்கல புரொபசரே. நீங்கதான் வாயப் பொளந்து ஊத்தியிருக்கீங்க. வேண்டாம் வேண்டாம்னு அது துப்பியிருக்கு. இன்ஜின் தப்பிச்சதே பெருசு. நல்லா வச்சிருந்தவர் கையில இருந்து வந்த வண்டி, அதான் தாங்கிச்சு."

பழைய குச்சி எங்கே என்று கேட்டார். தூக்கிப் போட்டாகிவிட்டது என்று புரொபசர் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கொல்லைப்புறத்தில் குந்தியிருந்தாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் சாக்கடைத் துவாரம் அடைத்துக்கொண்டிருந்தது. அதை ஒரு நீளக் கம்பியால் குத்திவிட்டுக்கொண்டிருந்தாள். கம்பியின் முனையில் வளைத்துக் கட்டிய பிடி. இரண்டு மாதமாக அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்தது அந்தக் குச்சி ஒன்றுதான்.

புரொபசர் அதை வாங்கி, புதுக் குச்சியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று விரல் வித்தியாசம். வேறு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் மூன்று விரல்தான்.

அவருடைய மூளை அடுத்த நிமிஷமே வேலை செய்யத் தொடங்கியது. அது நல்ல மூளைதான், தப்பிக்கிற வேலையில் மட்டும். பழைய குச்சியைக் கழுவிச் செருகிவிட்டால் ஆயிற்று. வளையம் மாற்றினேன், புகை நின்றுவிட்டது என்று ஸ்டாண்டில் சொன்னால் ஆயிற்று. தொட்டிக்காரர் வாயாடி இல்லை. குறையோடு வந்த வண்டியைத் திருத்தி எடுத்தவன் என்று பேர்கூட வரும். மனைவியிடம் இதை ஒரு யோசனையாக, மெதுவாக எடுத்துவிட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணிகிட்ட நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?"

அதற்குள் இருந்த மூன்றாவது வழியைப் புரொபசர் தேடிப் பார்த்தார். இல்லை.

அக்கா வீட்டு வாசலில் அவர் ஒரு பை ஆப்பிளோடு போய் நின்றார். அக்கா வழி விடவில்லை. உள்ளே அறைக்கதவு சாத்தியிருந்தது. மாமா தூங்குகிறார் என்றாள். பகல் பதினொரு மணிக்கு. புரொபசர் நிலைப்படியில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். கடைக்காரர் மேல் கொஞ்சம், குச்சி செய்கிற கம்பெனிகள் மேல் கொஞ்சம் போட்டுவிட்டு, தன் பங்கையும் சொன்னார். உள்ளே போய் மாமாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன் என்றார்.

"ஸ்டாண்டுல பேசினத வீட்டுல வந்து வாபஸ் வாங்க முடியாதுடா" என்றாள் அக்கா. "நாளைக்குக் காலையில அவரக் கூட்டிட்டு வர்றேன். எதுக்குன்னு சொல்ல மாட்டேன். எல்லாரும் இருக்கிற நேரமாப் பாத்து வந்துடு."

ஆப்பிளை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மறுநாள் டீக்கடை பெஞ்சு நிறைந்திருந்தது. அக்கா மாமாவைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்து ஓரத்தில் நிறுத்தினாள். மாமாவுக்குச் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. இந்த மனிதர்தான் தனக்கு முதன்முதலில் ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தவர் என்பது ஏனோ இந்த நேரம் பார்த்துப் புரொபசருக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு குச்சிகளையும் நீட்டிக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தார். பேச்சை வீட்டிலேயே தயார் செய்து வந்திருந்தார். "டெக்னிக்கலாப் பாத்தா, இதுல நாலு விஷயம் இருக்கு" என்று தொடங்கியது. அக்கா ஒரே ஒரு தரம் இருமினாள். நாலு விஷயமும் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

"தப்பு என்னோடது. நான் வாங்கின குச்சி குட்டை. வண்டியில ஒரு குறையும் இல்ல. மாமா பேர்ல நான் சொன்னது பொய்."

பெஞ்சு குலுங்கியது. ஒருவர் எழுந்து வந்து இரண்டு குச்சிகளுக்கும் நடுவே விரல் வைத்து எண்ணினார். கொசுப்புகை கேட்ட டிரைவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினாறு வருஷத்துப் பட்டம் அந்த இடத்திலேயே பறிபோனது. இனிமேல் தன் பெயர் குச்சிதான் என்பது புரொபசருக்குத் தெரிந்துபோயிற்று. ஆச்சரியமாக, அது அவ்வளவு வலிக்கவில்லை. மாமா திட்டுவார், அதையும் வாங்கிக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது என்று காத்திருந்தார்.

மாமா சிரிக்கவில்லை. பழைய குச்சியை வாங்கி, கட்டுக்கம்பியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப, வண்டி எண்ணெய் குடிக்கலையா?"

"இல்ல மாமா."

"ஒரு சொட்டுகூட?"

"இல்ல மாமா."

மாமா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என் காதுதான் போயிடுச்சுன்னு நெனச்சேன் மாப்ள. பதினோரு வருஷம் கேட்ட இன்ஜின். அது எண்ணெய எரிக்கிறது எனக்கே கேக்கலைன்னா, அடுத்தவன் வண்டிக்கு நான் என்னத்தச் சொல்றது? அதுக்கு முன்னாடி எத்தன பேருக்குத் தப்பாச் சொன்னேனோன்னு தூக்கமே இல்ல."

இரண்டு தரம் காது டாக்டரிடம் போய்வந்தார் என்று அக்கா சொன்னாள். காது நன்றாக இருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னாராம்.

"அவருக்கு இன்ஜினப் பத்தி என்ன தெரியும்னு வந்துட்டேன்" என்றார் மாமா.

கொசுப்புகை டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அட, இவரு சொன்னத நாங்க ஒருத்தரும் நம்பலையே. நீங்க ஏன் வர்றதில்லைன்னுதான் எங்களுக்கு விளங்கல."

உண்மைதான். பதினாறு வருஷமாகப் புரொபசர் சொன்னது எதையும் அந்த ஸ்டாண்டில் யாரும் நம்பியதில்லை. அன்றைக்குச் சொன்னதையும் நம்பவில்லை. நம்பிய ஒரே ஆள் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனவர். ஏமாற்றுக்காரன் என்று பட்டம் கட்டியவன் மேல் கோபப்படக்கூடத் தோன்றாமல், மச்சினன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தன் காதைச் சந்தேகப்பட்டவர். தான் சொல்வதை ஒருத்தராவது நம்பவேண்டும் என்று ஆயுசு முழுக்க ஆசைப்பட்ட புரொபசருக்கு, அப்படி ஒருத்தர் இருந்தார் என்பது இப்போதுதான் தெரிந்தது. திட்டு வாங்கியிருந்தால் எவ்வளவோ தேவலை என்று இருந்தது.

மாமா பழைய குச்சியை நீட்டினார். "போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணு."

புரொபசர் குச்சியைச் செருகினார். கேபினில் ஏறி இன்ஜினை ஓடவிட்டார். மாமா பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமான நேரம் தாண்டியும் கையை எடுக்கவில்லை. பெஞ்சில் யாரும் டீயைத் தொடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, மாமாவின் ஒற்றை வார்த்தைத் தீர்ப்புக்காகப் புரொபசர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.